கொல்லும் உலோகமும் காக்கும் உலோகமும்



போன மாதம் இந்தப் பக்கத்தில் இரத்தச்சோகை பற்றியும் இரும்புச்சத்துக் குளிசை பற்றியும் எழுதியிருந்தேன். இந்த மாதமும் ஓர் உலோகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் இது குளிசையாக விழுங்குவது அல்ல, நாளத்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டவர் என்னுடைய மச்சாள். "என்னைப் பற்றியே எழுதுங்கோ, பேர் மட்டும் போடாதேங்கோ. நான் பயந்த மாதிரி இன்னொருத்தி பயப்படக் கூடாது" என்றார். ஆகவே அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

புதிய வாசகிகளுக்காக ஒரு சிறு அறிமுகம். நான் பிறந்தது மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்தையில், ஒரு றப்பர் தோட்டத்து லயத்தில். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்குப் போனது. அங்கேயே வளர்ந்தேன், அங்கேயே படித்தேன், அங்கே பிள்ளைகளுக்குத் தொண்டராசிரியையாக விஞ்ஞானமும் படிப்பித்தேன். என் அண்ணன் முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண்ணைக் கலியாணம் முடித்தார். எங்கள் வழக்கில் அண்ணன் மனைவியை மதினி என்போம். ஆனால் வன்னியில் வளர்ந்த வாய்க்கு மச்சாள் என்பதுதான் பழகிவிட்டது. 2009இல் அண்ணனை இழந்தோம். முகாமிலிருந்து வெளியே வந்து, 2011இல் நானும் மச்சாளும் பிள்ளைகளும் யட்டவத்தைக்கே திரும்பி வந்தோம். இப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மச்சாள் வீட்டில் மெசின் போட்டுத் தைக்கிறார்.

மச்சாளின் இடது தோளுக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் கிட்ட, ஒரு செல் துண்டு இருக்கிறது. கடலைக்கொட்டை அளவு. 2009 ஏப்ரலில் ஏறியது. எடுத்தால் நரம்பு பாதிக்கலாம் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் அது குத்தும். அதே வெடியில் இடது காதும் மந்தமாகிவிட்டது. இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் உடம்புக்குள் இப்படி ஒரு துண்டைச் சுமக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன்.

மாதவிடாய் நின்று இரண்டு வருடத்துக்குப் பிறகு மச்சாளுக்கு இரத்தம் பட ஆரம்பித்தது. எட்டு மாதம் அவர் யாருக்கும் சொல்லவில்லை. நாரிவலியையும் செல் துண்டின் கணக்கில் போட்டுவிட்டார். ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் நான் தற்செயலாகக் கண்டுதான் கேட்டேன். பிறகு மாத்தளை, அதன் பிறகு பெரிய வைத்தியசாலை என்று அலைந்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று முடிவாகியது. நோய் கருப்பைக் கழுத்தைத் தாண்டி அக்கம்பக்கத்துக்குப் பரவத் தொடங்கியிருந்தது. ஒப்பரேசன் செய்யும் கட்டம் கடந்துவிட்டது, கதிர்ச்சிகிச்சையுடன் வாரத்துக்கு ஒருமுறை மருந்தும் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அங்கே ஒரு பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அது சிங்களத்தில் இருந்தது. என்ன மருந்து, ஏன் ஏற்றுகிறார்கள் என்று தமிழில் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை. மச்சாள் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகன் மருந்தின் பெயரைத் தொலைபேசியில் தேடிப் பார்த்து, "இது பிளாட்டினம் என்ற உலோகத்தில் செய்த மருந்து" என்று சொன்னாராம். அவ்வளவுதான். மச்சாள் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி யட்டவத்தைக்கு வந்துவிட்டார்.

"என்ட உடம்பில ஏற்கெனவே ஒரு இரும்பு கிடக்குது. பதினைஞ்சு வருசமா அது என்னைத் தின்னுது. இன்னொரு உலோகத்தை ஏத்த நான் விடமாட்டன்" என்றார். ஏசவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரிந்த உலோகம் ஆகாயத்திலிருந்து வந்த உலோகம்தானே.

அன்றிரவு நான் அடுப்படியில் இருந்து உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். விஞ்ஞான ரீச்சருக்கு வேறு என்ன தெரியும்?

"மச்சாள், இதுக்குள்ள சோடியம் எண்டு ஒரு உலோகம் இருக்கு. அதைத் தனியா எடுத்துத் தண்ணிக்குள்ள போட்டால் வெடிச்சு எரியும். குளோரீன் எண்டு ஒரு வாயு இருக்கு. அதைத் தனியா முகர்ந்தால் சுவாசப்பை கருகும். இரண்டும் சேர்ந்தால்தான் நாங்கள் கறிக்குப் போடுற உப்பு" என்றேன்.

இதுதான் முதலாவதாக விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம். ஓர் உலோகத் துண்டு வேறு, அந்த உலோகத்தின் சேர்வை வேறு. கர்ப்பிணித் தாய்மாருக்கு மருத்துவமாது கொடுக்கும் குளிசையில் இரும்பு இருக்கிறது. ஆனால் அது ஆணியின் இரும்பு அல்ல, நீரில் கரையும் இரும்பின் சேர்வை. எலும்பில் இருக்கும் கல்சியமும் உலோகம்தான். முருங்கைக்கீரையிலும் இரும்பு உண்டு. உலோகம் இல்லாமல் நாம் ஒருநாளும் உயிர் வாழ முடியாது. எந்த உலோகம், எந்த உருவில், எவ்வளவு என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

மச்சாளுக்கு எழுதிய மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். அதன் கதை கொஞ்சம் நீளமானது, ஆனால் கேட்கத் தக்கது.

இத்தாலியைச் சேர்ந்த மிக்கேலே பெய்ரோனே என்ற இரசாயனவியலாளர் 1844ஆம் ஆண்டு ஒரு மஞ்சள் நிற உப்பை ஆக்கினார். ஒரு பிளாட்டினம் அணு, அதனுடன் இரண்டு குளோரீன், இரண்டு அமோனியா. அவ்வளவே. அது எதற்கு உதவும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. 1893இல் அல்பிரட் வேர்னர் என்பவர் அந்த மூலக்கூறு எந்த வடிவத்தில் இருக்கும் என்று கண்டு சொன்னார். இத்தகைய உலோகச் சேர்வைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகும் அந்த மஞ்சள் உப்பு புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது.

1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பேர்க் என்பவர் வேறொரு கேள்வியுடன் ஆய்வு செய்தார். கலங்கள் பிரிந்து பெருகுவதை மின்சாரம் பாதிக்குமா என்பதே அவரது கேள்வி. பற்றீரியா வளரும் கரைசலுக்குள் இரண்டு பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்னைச் செலுத்தினார்கள். அந்தப் பரிசோதனைகளை நடத்தியவர்களில் லொரெட்டா வான்காம்ப் என்ற பெண்மணியும் ஒருவர். பற்றீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல் போல நீண்டுகொண்டே போயின. வழமையான நீளத்தைவிட 300 மடங்கு வரை நீண்டன. வளர முடிகிறது, பிரிந்து பெருக முடியவில்லை.

மின்சாரம்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். தேடிப் பார்த்தபோது காரணம் மின்சாரம் அல்ல, தகட்டிலிருந்து சிறிதளவு பிளாட்டினம் கரைந்து கரைசலில் இருந்த பொருட்களுடன் சேர்ந்து புதிய சேர்வைகளை உண்டாக்கியிருந்தது என்று தெரிந்தது. இதை 1965இல் வெளியிட்டார்கள். அந்தச் சேர்வைகளில் ஒன்று பெய்ரோனே 120 வருடங்களுக்கு முன் ஆக்கிய அதே மஞ்சள் உப்பு.

பற்றீரியா பெருகுவதைத் தடுக்கிறதென்றால், கட்டுப்பாடில்லாமல் பெருகும் புற்றுநோய்க் கலத்தையும் தடுக்குமா? எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். பெரிய கட்டிகளும் கரைந்தன. அந்த முடிவு 1969இல் வெளிவந்தது. 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 1974இல் அமெரிக்காவின் இந்தியானாவில் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் என்ற டொக்டர், விதைப் புற்றுநோய் உடம்பெங்கும் பரவியிருந்த ஜோன் கிளீலண்ட் என்ற இளைஞனுக்கு, சிஸ்பிளாட்டினை வேறு இரண்டு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். அந்த இளைஞன் குணமடைந்தார். அதுவரை அந்த நோய் பரவினால் பெரும்பாலும் மரணம்தான். இன்று விதைப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். 1978இல் அமெரிக்காவில் விதைப் புற்றுநோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இந்த மருந்து அனுமதிக்கப்பட்டது. இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இருக்கிறது.

"அது உள்ளுக்க போய் என்ன செய்யும்?" என்று மச்சாள் கேட்டார். கேள்வி வந்ததே எனக்குப் பாதி நிம்மதி. அவருடைய தையல் மெசினைக் காட்டியே சொன்னேன்.

பிளாட்டினம் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகள் அமோனியாவை இறுகப் பிடித்திருக்கின்றன. மற்ற இரண்டும் குளோரீனைப் பிடித்திருக்கின்றன. எங்கள் இரத்தத்தில் உப்பு அதிகம். அதனால் அங்கே இருக்கும்வரை குளோரீன் கையை விட்டுக் கழன்று போகாது. ஆனால் கலத்துக்குள்ளே உப்பு மிகக் குறைவு. உள்ளே போனதும் குளோரீன் கழன்று, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்து ஒட்டும். தண்ணீரின் பிடி இலேசானது. எளிதில் விட்டுவிடும். அப்போது வெறுமையாகும் இரண்டு கைகளாலும் பிளாட்டினம், கலத்தின் மரபணு இழையைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது.

மரபணு என்பது இரண்டு புரி முறுக்கிய நூல் போன்றது. ஒரு கலம் இரண்டாக வேண்டுமானால் அந்த நூலை முதலில் பிரதி எடுக்க வேண்டும். பிளாட்டினம் பிடித்த இடத்தில் நூல் வளைந்து முடிச்சு விழுந்ததுபோல் ஆகிவிடும். தைக்கும்போது நூலில் முடிச்சு வந்தால் மெசின் என்ன செய்யும்? நின்றுவிடும். கலமும் அப்படியே நிற்கும். முடிச்சை அவிழ்க்கப் பார்க்கும். முடியாவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஓயாமல் பெருகும் புற்றுநோய்க் கலங்களே இதில் அதிகம் அகப்படுகின்றன. சில நல்ல கலங்களும் அகப்படத்தான் செய்யும். அதனால்தான் பக்க விளைவுகள் வருகின்றன.

"எவ்வளவு உலோகம் ஏத்துவினம்?" என்று அடுத்த கேள்வி. உடலின் மேற்பரப்பைக் கணக்கிட்டே மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வாரமொருமுறை ஏற்றும் வழமையான அளவு சதுர மீற்றருக்கு 40 மில்லிகிராம். மச்சாளைப் போன்ற மெலிந்த பெண்ணுக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் வரும். அதில் பிளாட்டினம் 39 மில்லிகிராம். ஒரு பவுண் என்பது 8 கிராம். ஆகவே ஒரு தடவை ஏறும் உலோகம் ஒரு பவுணில் 200இல் ஒரு பங்கு, இரண்டு அரிசிமணியின் எடை. அதுவும் துண்டாக அல்ல, சேலைனில் கரைந்து போகிறது.

"நான் அடகு வைச்ச தாலிக்கொடியில இதைவிடக் கூட உலோகம் இருந்தது" என்று மச்சாள் சிரித்தார். நோய் என்று சொன்ன பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

ஆனால் சகோதரிகளே, சிரிப்புடன் முடித்துவிட முடியாது. இந்த மருந்து இலேசானது அல்ல. தொடக்கத்தில் இதைக் கைவிடலாமா என்று யோசித்த அளவுக்கு வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் இருந்தன. மருந்துக்கு முன்னும் பின்னும் நிறையச் சேலைன் ஏற்றினால் சிறுநீரகம் காப்பாற்றப்படுகிறது என்று 1970களில் கண்டறிந்த பிறகுதான் இதைப் பரவலாகப் பயன்படுத்த முடிந்தது. வாந்தியைத் தடுக்க இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன. கை கால் விறைப்பு வரலாம். காது கேட்பது குறையலாம், காதுக்குள் இரைச்சல் கேட்கலாம்.

காது என்றதும் நான் திடுக்கிட்டேன். மச்சாள் தன் இடது காதைப் பற்றி அங்கே சொல்லவே இல்லை. செல் துண்டைப் பற்றியும் சொல்லவில்லை. "அவையள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை" என்றார். சொன்னால் எங்கே, எப்படி, ஏன் என்று கேள்வி வரும் என்ற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த கிழமை நானும் கூடப் போனேன். காலை ஐந்து மணிக்கு யட்டவத்தையில் இருந்து முதல் பஸ், மாத்தளையில் இறங்கி அடுத்த பஸ். பாடசாலையில் லீவு எடுத்துக்கொண்டேன். டொக்டருக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் காதையும் செல் துண்டையும் பற்றிச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு மச்சாளைப் பார்த்தார். திட்டவில்லை, கேள்வி கேட்டுக் குடையவும் இல்லை. காதுப் பரிசோதனைக்கு எழுதினார். துண்டு எங்கே இருக்கிறது என்று எக்ஸ்றே எடுக்கச் சொன்னார். பெரிய காந்தத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு எழுதியிருந்ததை நிறுத்தி, சி.ரி. படமாக மாற்றினார். உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் அந்தக் காந்த மெசினுக்குள் போகக் கூடாது. துண்டு அசையலாம், சூடாகலாம். நாங்கள் வாய் திறந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

வலது காது நன்றாக இருந்தது. மருந்தைத் தொடங்கலாம், காதில் இரைச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள், மாற்று வழி பார்ப்போம் என்றார்.

மச்சாளின் கடைசிக் கேள்விதான் கடினமானது. "இந்த மருந்தை ஏத்தினால் நான் பிழைப்பனோ?" பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையான கணக்கைச் சொன்னேன். 1999ஆம் ஆண்டு, கதிர்ச்சிகிச்சையுடன் சிஸ்பிளாட்டினையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று ஐந்து பெரிய ஆய்வுகளின் முடிவைக் கொண்டு அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிலையம் டொக்டர்மாருக்கு அறிவித்தது. பிறகு பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து 2008இல் கணக்குப் பார்த்தார்கள். கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்ற பெண்களில் ஐந்து வருடங்களுக்குப் பிறகு 100க்கு 60 பேர் உயிருடன் இருந்தார்கள். மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 66 பேர்.

"ஆறு பேர்தானே கூட" என்றார் மச்சாள்.

"அந்த ஆறு பேரில ஒராள் நீங்கள் எண்டால்?" என்றேன். அவர் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "கடைசிக் கிழமையில பங்கருக்குள்ள பதினொரு பேர் இருந்தம். வெளியில வந்தது நாலு பேர். அந்த நாலில ஒராளா நான் வந்தனான்தானே" என்றார். மறுநாள் மருந்து ஏற்றிக்கொண்டார்.

ஐந்து தடவை ஏறியது. மூன்றாவது தடவைக்குப் பிறகு இரண்டு நாள் கஞ்சித்தண்ணி மட்டும்தான் இறங்கியது. நான்காவது தடவை வெள்ளை இரத்தக்கலங்கள் குறைந்து ஒரு கிழமை தள்ளிப் போட்டார்கள். ஐந்தும் முடிந்தன. காது தப்பியது. முதலாவது பரிசோதனையில் கட்டி தெரியவில்லை. இன்னும் சில வருடங்கள் தொடர்ந்து கிளினிக் போக வேண்டும். குணமாகிவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது பாடசாலைச் சீருடை தைக்கும் காலம். மெசின் சத்தம் இரவு ஒன்பது மணிவரை கேட்கிறது.

இந்த மருந்துக்குப் பிறகும் ஆராய்ச்சிகள் நிற்கவில்லை. இதே குடும்பத்தில் சிறுநீரகத்தையும் காதையும் குறைவாகப் பாதிக்கும் காபோபிளாட்டின் வந்தது. யப்பானில் நாகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் யொஷினோரி கிடானி 1976இல் கண்டுபிடித்த ஒக்ஸாலிபிளாட்டின் இன்று பெருங்குடல் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. சீனாவின் ஹார்பின் நகரத்து வைத்தியர்கள், நஞ்சு என்று நாம் அறிந்த ஆர்செனிக்கின் ஒரு சேர்வை ஒருவகை இரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் என்று காட்டினார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது.

புதிய மருந்து ஏன் தேட வேண்டும் என்றால், சில புற்றுநோய்க் கலங்கள் பிளாட்டினத்துக்குப் பழகிவிடுகின்றன. முடிச்சை அவிழ்க்கக் கற்றுக்கொள்கின்றன, அல்லது மருந்தை உள்ளே விடாமல் வெளியே தள்ளுகின்றன. அதனால்தான் செம்பு, ருத்தேனியம், தங்கம், ரேனியம் என்று பல உலோகங்களைக் கொண்டு முயன்று பார்க்கிறார்கள்.

இந்த முயற்சி தூர தேசங்களில் மட்டும் நடக்கவில்லை. எங்கள் நாட்டிலேயே ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில் பேராசிரியை தேஷினி பெரேராவும் அவரது மாணவர்களும் ரேனியம், பிளாட்டினம் ஆகியவற்றின் புதிய சேர்வைகளை ஆக்கி, அவை புற்றுநோய்க் கலங்களை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள். அவற்றுள் சில ஒளிரும் தன்மை உள்ளவை. மருந்து கலத்துக்குள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பதற்கு அது உதவும். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவர், செம்பு, ருத்தேனியம் சேர்வைகள் மரபணு இழையுடன் எப்படி ஒட்டுகின்றன, புற்றுநோய்க் கலங்களை எப்படிக் கொல்கின்றன என்று பல வருடங்கள் ஆராய்ந்தவர். தேஷினி பெரேராவைப் பற்றி என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சொன்னேன். பால் வெட்டும் தாயின் மகள் ஒருத்தி, "அந்த மிஸ் போல ஆக என்ன பாடம் எடுக்கணும் டீச்சர்?" என்று கேட்டாள். இரசாயனவியல் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் கலம் இறப்பதற்கும் ஒரு மருந்து வைத்தியசாலைக்கு வருவதற்கும் நெடுந்தூரம். தட்டுக்குப் பிறகு விலங்கு, விலங்குக்குப் பிறகு சிறு தொகையான மனிதர், பிறகு பெருந்தொகையான மனிதர். இடையில் பெரும்பாலானவை கழிந்துவிடும். "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று யாராவது தொலைபேசியில் அனுப்பினால், அதை நம்பிக் கையில் இருக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். உலோகம் மருந்தாகிறது என்பதற்காகச் செம்புப் பாத்திரத்துத் தண்ணீரோ, யாரோ தரும் பற்பமோ புற்றுநோயைக் குணமாக்கும் என்றும் எண்ணாதீர்கள். இரசம், ஈயம் கலந்தவை ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். எதை உட்கொண்டாலும் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

இனி, நீங்கள் வெட்டி வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்:

1. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், உறவின் பின் இரத்தம் பட்டால், நாற்றமுள்ள வெள்ளை போனால், ஒரு கிழமைகூடப் பொறுக்காதீர்கள். மருத்துவமாதிடம் சொல்லுங்கள்.

2. சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். மச்சாளுக்கு 35 வயதானபோது அவர் பங்கருக்குள் இருந்தார். 45 வயதில் அழைப்பு வந்தபோது வெட்கப்பட்டுப் போகவில்லை. யுத்தத்தால் வயதைத் தவறவிட்டவர்கள் நம்மில் பலர். தவறவிட்டேன் என்று சொல்லியே மருத்துவமாதிடம் கேளுங்கள்.

3. இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒரு வைரசுதான் காரணம். அதைத் தடுக்கும் ஊசியை 2017ஆம் ஆண்டு முதல் பாடசாலையில் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். பத்திரம் வீட்டுக்கு வந்தால் பயப்படாமல் சம்மதம் கொடுங்கள்.

4. உடம்பில் செல் துண்டோ, ரவையோ, உலோகத் தகடோ இருந்தால், எந்தப் படம் எடுக்க முன்னும் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று கதை சொல்லத் தேவையில்லை. எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும்.

5. வெடிச் சத்தத்தால் காது மந்தமானவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், மருந்து ஏற்ற முன்பே அதைச் சொல்ல வேண்டும்.

6. மருந்து ஏற்றும் நாட்களில் டொக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் வந்தால், காதில் இரைச்சல் கேட்டால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள்.

7. விளங்காத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி ஒருவரும் இல்லாத சகோதரிக்கு, தெரிந்த நீங்கள் ஒருநாள் துணைக்குப் போங்கள்.

இதை எழுதி முடித்து மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாலாவது குறிப்பை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். "விரலால காட்டினால் போதும்… அது நல்லாயிருக்கு. எனக்கு அப்ப ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு நூல் கோக்கத் திரும்பிவிட்டார்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம். உங்கள் கேள்விகளை வழமைபோல எழுதி அனுப்புங்கள். பேர் போட விருப்பமில்லாவிட்டால் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் யட்டவத்தைச் சகோதரி